முள்ளின் மேல் ஒட்டிய பிள்ளையார்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். அடுப்பின் மேல் டபரா, அதற்குள் கொதிக்கிற தண்ணீர், இரண்டு வயர், பக்கத்தில் தெர்மாமீட்டர். "டீச்சர், ரிட்டயர் ஆகியும் லேப் வச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "அத்தை, இது என்ன ரசம்?" என்று நாத்தனார் மகள் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாடமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் இதையும் படிப்பீர்கள் என்று தெரியும்.

எங்கள் வேனைப் பலர் பார்த்திருப்பீர்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். வெள்ளை நிற மாருதி ஆம்னி, 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. 1984ல் இந்த வண்டி முதலில் வந்தபோது வெறும் 'மாருதி வேன்' என்றுதான் பெயர். 'ஆம்னி' என்ற பெயர் பிறகு வந்தது. 2019ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் முன்பக்கம் பானட்டுக்குள் இருக்காது, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஓட்டுகிறவர் இன்ஜின் மேலேயே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் சில வெளிநாட்டுக்காரர்கள் வேனையே வீடாக வைத்துக்கொண்டு வந்து நிற்பதை எங்கள் வீட்டுக்காரர் பல வருடம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர். ஆனால் கையில் சுத்தியல் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது. பின் சீட்டை எடுத்துவிட்டு, வேண்டும்போது போட்டு எடுக்கிற மாதிரி பலகைக் கட்டில் செய்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன கேஸ் ஸ்டவ், இரண்டு பாத்திரம், பத்து லிட்டர் தண்ணீர் கேன். ஜன்னலுக்கு என் பழைய காட்டன் புடவையில் திரை. இந்த வண்டியில் தனுஷ்கோடி போயிருக்கிறோம், ஏற்காடு போயிருக்கிறோம், கொல்லிமலையில் எழுபது வளைவையும் ஏறியிருக்கிறோம். லாட்ஜ் வாடகை கொடுத்ததே இல்லை.

2021ல் அவருக்குக் கண் போனது. சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இடது கண்ணில் ஒன்றும் தெரியாது. வலது கண்ணில் மங்கலாக வெளிச்சமும் உருவமும் தெரியும். அதோடு ஸ்டியரிங்கை விட்டார்.

மறு வருடம் நான் பணி ஓய்வு பெற்றேன். வண்டியை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் போய் வண்டியைத் துடைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நான் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அறுபது வயதில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். என்னோடு அன்றைக்கு எட்டு போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்கள். எனக்கு முன்னால் அவர்கள் பாஸ், எனக்கு இரண்டாவது தடவைதான் பாஸ்.

அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார ஆரம்பித்ததும் ஒரு மரப்பெட்டி செய்தார். இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி. அதில் கண் சொட்டு மருந்து, பிளாஸ்க், டார்ச், பிஸ்கட், மாத்திரை டப்பா. ஒவ்வொன்றுக்கும் தனி அறை, கையால் தடவியே எடுத்துவிடலாம். பார்வை குறைந்த பிறகு அவர் தனியாகச் செய்த முதல் வேலை அது. அளவெடுக்க மட்டும் நான் உதவினேன். துளை போட்டதும் ஸ்க்ரூ முடுக்கியதும் அவரே. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் பாயசம் வைத்தேன். சர்க்கரை போடாமல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஹீட் மீட்டர் வம்பு ஆரம்பித்தது.

முதலில் மேடு பள்ளத்தில் மட்டும் முள் துள்ளும். சட்டென்று சிவப்புக் கோட்டுக்குப் போய், உடனே கீழே வரும். அப்புறம் போனது போனபடியே நிற்க ஆரம்பித்தது. எனக்குப் பயம். முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். கிரிவலப் பாதையில் ஒரு நாள் நான்கு இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். நடந்து போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஒரு ஒர்க்ஷாப்பில் சென்சார் போச்சு என்று புதுசு மாற்றினார்கள். சரியாகவில்லை. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். சரியாகவில்லை. மூன்றாவது ஆள், "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லம்மா" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அப்போதும் சரியாகவில்லை. இந்த அலைச்சலில் கூலண்ட் எல்லாம் கீழே போயிற்று. நாங்கள் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பினோம். செலவு ஐயாயிரத்தைத் தாண்டியது.

கடைசியில் அவர்தான் ஒரு நாள் காலை ஒன்று கண்டுபிடித்தார். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. நான் சாவியைத் திருப்பினேன், இன்னும் ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை.

"முள்ளு எங்க இருக்கு?" என்றார்.

"ஹெச்ல இருக்குங்க."

"இன்ஜின் பச்சத் தண்ணியா இருக்கு, முள்ளு கொதிக்குதுங்குது. அது பொய் சொல்லுது டீச்சர். இனிமே அதப் பாக்காத."

(அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது.)

சொன்னதோடு நிற்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்து ஒரு சின்ன பிள்ளையார் ஸ்டிக்கரை எடுத்துவந்து, என்னிடம் இடம் கேட்டு, விரலால் தடவி, ஹீட் மீட்டரின் மேல் சரியாக ஒட்டிவிட்டார். "இனிமே அவரு பாத்துப்பாரு" என்றார். நானும் சிரித்துவிட்டேன். உண்மையில் நிம்மதியாகவும் இருந்தது. மூன்று மாதம் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறதல்லவா, 93 அங்குலத் தொலைநோக்கி உள்ள இடம். 1986ல் அந்தத் தொலைநோக்கி வந்தபோது ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள், சின்னத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவார்கள். அவருக்கு நிலாவை ஒரு தடவை அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "வலது கண்ணுல வெளிச்சம் இருக்கறப்பவே பாத்துடணும்" என்று நாலைந்து தடவை சொல்லியிருந்தார். அவர் ஒன்றை இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை. அதனால் கிளம்பினோம்.

போளூர் வரை ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதை ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டாவது கியரில்தான் போகிறேன். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் இழுவை குறைவது மாதிரி இருந்தது. ஏற்றம்தானே என்று நினைத்தேன். அவர், "சீட்டு ரொம்ப சுடுதே" என்றார். வெயில்தானே என்று நினைத்தேன். பிறகு வெல்லப்பாகு கருகின மாதிரி ஒரு வாசனை. அதற்குள் சீட்டு ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிவிட்டது.

வண்டியை ஓரம் கட்டி, ஆஃப் செய்து, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். கை நடுங்கியது. அவரைக் கையைப் பிடித்து இறக்கி ஒரு மரத்தடியில் உட்கார வைத்தேன். அவருக்கு அவசரம்.

"மூடியத் தெறந்து தண்ணி ஊத்து, இன்ஜின் போயிடும்."

"குக்கர் விசில் அடங்காம யாராவது மூடியத் திறப்பாங்களா? பேசாம உக்காருங்க."

இதை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். ரேடியேட்டர் மூடி ஒரு குக்கர் மூடிதான். அதில் 0.9 என்று போட்டிருந்தால், உள்ளே அந்த அளவு கூடுதல் அழுத்தம் சேரும்வரை மூடி விடாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை தாங்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போகும், தண்ணீர் மொத்தமும் குபீரென்று முகத்தில் அடிக்கும். முகம், கை, கண். அவருக்கு மிச்சமிருப்பது ஒரு கண்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து இறங்கிய ஒரு ஜீப்காரத் தம்பி நிறுத்தினார். "இன்னா மேடம், வண்டி கொதிச்சிடுச்சா? ஹீட் மீட்டர் பாக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நன்றாக ஆறிய பிறகு அவர் துணி வைத்து மூடியைத் திறந்தார். ஐந்து லிட்டர் தண்ணீர் பிடித்தது. காவலூர் கனவை விட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நிறுத்தி ராத்திரி எட்டரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை. நிலா எங்களோடேயே வந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் என் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். வேலூர் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவர்களில் ஒருவர், அவருக்கே அது பெருமை. வந்து பார்த்தார். இன்ஜின் ஹெட் அலுமினியம், இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் வளைந்திருக்கும் என்றார். நல்லவேளை, தப்பியிருந்தது. நான் சென்சார், பம்ப், வால்வு கதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"டீச்சர், ஒரு சோதனைல ஒரு சமயத்துல ஒரு விஷயத்தத்தான் மாத்தணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? ஈரத் துணி காயற சோதனை ஞாபகம் இருக்கா? இங்க எல்லாத்தயும் மாத்திட்டு யார் குற்றவாளின்னு தேடறீங்க."

பெஞ்சு மேல் நிற்கச் சொன்னால் நின்றிருப்பேன்.

"மொதல்ல மீட்டர் உண்மை சொல்லட்டும். அப்பறம் இன்ஜினப் பாப்போம்" என்று சொல்லி, ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்துவிட்டு, "நீங்களே பாருங்க டீச்சர், சந்தேகம்னா போன் பண்ணுங்க" என்று போய்விட்டார். எனக்கு வீட்டுப்பாடம்!

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுத்திருக்கிறேன். உட்கார்ந்து படம் வரைந்தேன். ஹீட் மீட்டர் என்பது மூன்றே பொருள்தான். இன்ஜினில் ஒரு சென்சார், டேஷ்போர்டில் ஒரு மீட்டர், இரண்டையும் இணைக்கிற ஒரு வயர். மின்சாரம் மீட்டர் வழியாக வயரில் வந்து, சென்சார் வழியாக இன்ஜின் உடம்பில் இறங்கும். அதைத்தான் எர்த் என்கிறோம்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சாதாரணக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இது நேர்மாறு, சூடானால் மின்தடை குறையும். இந்தக் குணத்தை 1833லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். தண்ணீர் சூடாகச் சூடாகத் தடை குறையும், மின்சாரம் அதிகம் ஓடும், முள் ஏறும். அவ்வளவுதான் தத்துவம்.

முன்பு கழற்றிப் போட்ட பழைய சென்சாரை அவர் கவரில் போட்டு வைத்திருந்தார். (எதையும் தூக்கிப் போடமாட்டார்.) அதைத்தான் டபராவில் கொதிக்க வைத்தேன். அடியைத் தொடாமல் நுனி மட்டும் தண்ணீரில் முழுகும்படி கட்டித் தொங்கவிட்டேன். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தேன், அது காய்ச்சலுக்கு மேல் கணக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. என் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்தான் கைகொடுத்தது. 30 டிகிரியில் 360 ஓம். 50ல் 155. 70ல் 75. 90ல் 38. அழகாக, படிப்படியாக இறங்கியது. நான் சொல்லச் சொல்ல அவர் மனக்கணக்காக ஞாபகம் வைத்துக்கொண்டார். "இது நல்லாத்தான இருக்கு? இதப் போயி போச்சுன்னானே!" என்றார். அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது.

அரை நாள் சமையலை முடித்துவிட்டுப் பெருமையாக மாணவருக்குப் போன் செய்தேன். "சூப்பர் டீச்சர். ஆனா வண்டில இருக்கற சென்சார்லேந்து வயரப் புடுங்கிப் பாத்தீங்களா? ரெண்டு நிமிஷம்தான் ஆகும்" என்றார். இல்லை, அதை நான் செய்யவில்லை. சுலபமான சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதையும் இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

வயரைப் பிடுங்கினேன். சாவியைத் திருப்பினேன். சென்சாரே இணைப்பில் இல்லை, மின்சாரம் போக வழியில்லை. முள் 'சி'யில் படுத்துக் கிடக்க வேண்டும். அது போய் 'ஹெச்'சில் நின்றது! சென்சார் நிரபராதி. மிச்சம் வயரும் மீட்டரும்தான். பக்கத்திலேயே பெட்ரோல் மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆகவே மீட்டர் போர்டுக்கு வரும் மின்சாரத்தில் குறை இருக்காது. ஒர்க்ஷாப் பையன் ஒருவன் வந்து மீட்டருக்குப் பின்னால் அந்த வயரைக் கழற்றிக் கொடுத்தான். முள் மெதுவாகச் சாய்ந்து 'சி'க்குப் போய்ப் படுத்தது. மீட்டரும் நிரபராதி.

இரண்டு முனையும் விட்ட வயரில் ஒரு முனையையும் வண்டி உடம்பையும் மல்டிமீட்டரால் தொட்டேன். ஒன்றும் காட்டக் கூடாது. ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டியது. அப்படியென்றால் வயர் வழியில் எங்கேயோ தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொடுகிறது. சென்சார் வரை போகாமலேயே மின்சாரம் குறுக்கு வழியில் இறங்குகிறது. முள் இதை "நெருப்பாகக் கொதிக்கிறது" என்று புரிந்துகொள்கிறது.

எங்கே தொடுகிறது? வயர் கட்டு சீட்டுக்கு அடியில் தரையோடு ஒட்டிப் போகிறது. என் முதுகு குனிய மறுத்தது, கண்ணாடி நழுவியது. அவர், "நவுரு, நான் பாக்கறேன்" என்றார்.

பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். கதவோரம் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, சென்சார் முனையிலிருந்து விரலாலேயே வயரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். மெதுவாக. மாலைக்குப் பூ எண்ணுகிற மாதிரி. ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"என்னங்க, கிடைச்சுதா?"

"என் ஸ்க்ரூதான்" என்றார்.

மரப்பெட்டியைத் தரையோடு பிடித்த ஸ்க்ரூ. அரை அங்குலம் நீளம் அதிகம். தகரத்தைத் தாண்டி அடியில் போய் வயர் கட்டை அழுத்திக்கொண்டிருந்தது. முதலில் தோலை மட்டும் உரசியிருக்கிறது, அதனால்தான் பள்ளத்தில் மட்டும் முள் துள்ளியிருக்கிறது. பிறகு செம்பு வரை போய்விட்டது. அவருடைய வண்டிச் செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெட்டி செய்தது தை மாதம். முதல் ஒர்க்ஷாப் செலவு பங்குனி. அந்த நோட்டை அன்றைக்கே புரட்டியிருந்தால் ஐயாயிரம் மிச்சம்.

நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர், "சின்ன ஸ்க்ரூ இருந்தா எடு. டேப்பும் எடு" என்றார். அவரே வயரை ஒட்டி, டேப் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, சின்ன ஸ்க்ரூ போட்டுப் பெட்டியைத் திரும்ப நிறுத்தினார். பிறகு என்னை டேஷ்போர்டு பக்கம் கூப்பிட்டு, நகத்தால் பிள்ளையாரை மெதுவாக உரித்து, மேலே கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார்.

இப்போது சாவி போட்டால் முள் 'சி'. பத்து நிமிடம் ஓடினால் பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் கலசபாக்கம் தாண்டி ஓட்டிப் பார்த்தபோது முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. இந்தத் தடவை அது பொய் சொல்லவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். நம் ஊர் போர் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. மலையில் கொதித்தது அதனால்தான். சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றி, கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டார்கள். அதில் 82 என்று பொறித்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெழுகு அந்தச் சூட்டில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதற்கு முன்னால் இன்ஜினைச் சீக்கிரம் சூடாக விடும். இன்ஜினுக்கும் அளவான சூடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். நம் ஊர் வெயிலுக்கும் அந்த வால்வு தேவைதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. யாருக்காவது உதவட்டும்" என்றார்.

மீட்டர் பொய் சொன்னது உண்மை. அவர் அதைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் மீட்டர் பொய் என்று தெரிந்த அந்த நிமிடத்திலிருந்து, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கெட்டுப்போன மீட்டர் இன்ஜினைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. சீட்டு சுட்டபோதும், இழுவை குறைந்தபோதும், வாசனை வந்தபோதும், நான் வெயில் மேலும் ஏற்றம் மேலும் பழி போட்டேன்.

ஸ்க்ரூ கிடைத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னார்: "இதே வேலய நான் முன்னாடியும் பண்ணியிருக்கேன் டீச்சர்."

எனக்குப் புரிந்தது. 2018ல் பெரியவன் அவருக்குச் சர்க்கரை பார்க்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாள் பார்த்தார். ஒரு நாள் காலை 310 காட்டும், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 140 காட்டும். ஸ்ட்ரிப் டப்பா மூடாமல் கிடந்தது, தேதியும் முடிந்திருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. "மெஷின் பொய் சொல்லுது" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். மெஷின் பொய்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் லேபில் போய் ரத்தமும் கொடுக்கவில்லை. கால் எரிந்தது, நடந்த களைப்பு என்றார். எழுத்து மங்கியது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். ஒரு நாள் காலை கண்ணுக்குள் கரும்பூச்சி பறக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். நானும்தான் பக்கத்திலேயே இருந்தேன். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவ முகாமில் வரிசை நிற்க வைத்தவள், வீட்டில் கேட்கவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் சராசரி சர்க்கரை பார்க்கிறோம். வீட்டு மெஷினுக்குப் புது ஸ்ட்ரிப். வலது கண் நிலையாக இருக்கிறது என்கிறார் டாக்டர்.

ஆகவே என் பிள்ளைகளே, இரண்டு வீட்டுப்பாடம்.

ஒன்று, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு. ஹீட் மீட்டர் கோளாறு என்றால் பொருள் மாற்றுவதற்கு முன் சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கவில்லை என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. முள் இறங்கினால், இன்ஜின் உண்மையாகவே சூடாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முள் ஏறவே மாட்டேன் என்கிறதா? அந்த வயர் முனையை ஒரு நொடி இன்ஜின் இரும்பில் தொட்டுப் பாருங்கள், முள் ஏற வேண்டும். ஒரு நொடிக்கு மேல் வேண்டாம், மீட்டர் கெட்டுப்போகலாம். கோளாறு தொடங்கியதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று யோசியுங்கள். மீட்டர் சரியாகும்வரை வண்டியை மலை ஏற்றாதீர்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, நாற்பது தாண்டியவர்களுக்கு. என்னிடம் முதல் வருடம் படித்தவர்களே ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். மெஷின் தப்புக் காட்டுகிறது என்றால் வேறொரு மெஷினில் பாருங்கள். பார்க்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் வண்டி ஓட்டும்போது இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை அவர் கேட்கிறார்.

"முள்ளு எங்க?"

"பாதிக்குக் கீழங்க."

"சரி."

சில சமயம் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். மழை விட்டு வானம் தெளிந்ததும், வளர்பிறையில் ஒரு சனிக்கிழமை பார்த்து மறுபடி காவலூர் கிளம்புகிறோம். ஜமுனாமரத்தூர் பக்கம் யாராவது நம் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள். திரும்பும்போது உங்கள் வீட்டில் ஒரு டீ குடிக்கிறோம். அவருக்குச் சர்க்கரை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வேங்கிக்கால்.